அக்கா வீட்டுக்கு ரயில் மேட்டு வழி

எங்கள் தெருவில் காலையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும், "தண்டவாளத்துக்குப் போயிட்டு வாரேன்" என்பாள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் பதறிப்போவார்கள். அங்கே தண்டவாளமும் கிடையாது, ரயிலும் கிடையாது. சின்ன லைனைப் பிடுங்கிவிட்டுப் பெரிய லைன் போட்டபோது, ஒதுக்குப்புறமாகப் போன இந்தத் துண்டை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கமாக நேரே போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் கிடந்தது மண் மேடு. அதில் உடைமரம் முளைத்து, பாம்பு குடியேறி, பகலிலேயே ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்தது. பிறகு யாருக்கோ நல்ல புத்தி வந்தது. முள்ளை வெட்டி, சரளை பரப்பி, உருளை விட்டு அமுக்கி, ஓரத்தில் வேப்பங்கன்று நட்டு, நடைபாதை என்று போர்டும் வைத்தார்கள். மோட்டார் பைக் நுழைந்துவிடக் கூடாது என்று இரண்டு முனையிலும் கல் நட்டிருக்கிறார்கள். மனுஷர் நுழையலாம், சைக்கிள் நுழையலாம். பாதைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் எங்களுக்கு அது தண்டவாளம்தான்.

சர்க்கரை வந்ததில் இருந்து நானும் அங்கே போகிறேன். தென்காசியில் நடக்க ரோடா இல்லை என்று கேட்பீர்கள். சீசன் வந்துவிட்டால் ரோடு குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்குச் சொந்தம். வேனில் இருந்து ஈரத்துண்டை வெளியே காயப்போட்டுக்கொண்டு போவார்கள், அது நம் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். மேட்டில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் வயல், நடுவில் கால்வாய்க்கு மேல் செங்கல் பாலம், மேற்கே மலை. ரயில் ஓடிய இடம் என்பதால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. என் மூட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எனக்கு அந்தப் பாதை மேல் ஆசை வந்ததற்குக் காரணம் மூட்டு இல்லை. அதன் மேற்கு முனையில் என் அக்கா வீடு இருக்கிறது.

அக்கா ஒரு கோடையில் புழக்கடையில் பாசி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை ஒடித்துக்கொண்டாள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், இனி மருந்து என்று ஒன்றும் இல்லை, தினமும் எழுந்து நடக்க வேண்டும், இந்த மழைக்காலத்துக்குள் நடக்கவில்லை என்றால் அப்புறம் படுக்கைதான் என்று. நாலு கால் வைத்த வாக்கர் ஒன்று வாங்கி வைத்தார்கள். அக்கா அதைத் தொடவே இல்லை. அவள் மருமகள் அதன் மேல் துண்டு காயப்போட்டாள். மருமகள் கூப்பிட்டால் "இடுப்பு கடுக்குது" என்பாள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பையனிடம் "நாளைக்குப் பாப்போம் தம்பி" என்பாள். நான் கூப்பிட்டாலும் அதே நாளைக்குத்தான். பிறந்ததில் இருந்தே பிடிவாதக்காரி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆத்திரத்துக்குள்ளே பயம்தான் இருந்தது. எனக்குக் கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான்.

அவளைப் பார்க்கப் போவது அப்போது என் வீட்டுக்காரர் தயவில் இருந்தது. ரோட்டு வழி குளத்தைச் சுற்றிக்கொண்டு போகும். பஸ் என்றால் ஊருக்குள் போய் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அதனால் அவருடைய பைக்கில்தான் போவோம். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சுரண்டை, செங்கோட்டை என்று ஓட்டாத ரூட் இல்லை. ஓய்வு பெற்றது உடம்புதான், உள்ளே இருக்கிற பஸ் டைம் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடுவார். உள்ளே வர மாட்டார். கட்டிலில் ஆள் கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. வேப்பமரத்தடியில் பைக்கில் உட்கார்ந்திருப்பார். நான் செருப்பைக் கழற்றி, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டு முடிப்பதற்குள் பைக்கில் முதல் ஆரன். காப்பியை வாயில் வைக்கும்போது இரண்டாவது ஆரன். மூன்றாவது ஆரன் நீளமாக வரும். டெப்போவில் லேட் மார்க் போட்டுவிடுவார்கள் என்கிற மாதிரி வரும்.

"அங்கன என்ன வெட்டி முறிக்கப் போறீக? செத்த நேரம் இருங்களேன்" என்று ஒரு தடவை சண்டைபோட்டேன்.

"ஆளைப் பாத்தாச்சுலா? பாத்தா கிளம்ப வேண்டியதுதானே. போன சோலி முடிஞ்சுட்டு" என்றார். ஸ்டாப்பில் ஆளை இறக்கினால் டபுள் விசில், அவ்வளவுதான் அவருக்கு உலகம்.

இந்தச் சங்கடத்தை எல்லாம் நான் கொட்டுவது என்னோடு நடக்க வரும் லாத்தாவிடம். லாத்தா பக்கத்துத் தெரு. கடையநல்லூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். முஸ்லிம் வீடுகளில் லாத்தா என்றால் அக்கா. என் வயதுதான், ஆனாலும் தெருவே லாத்தா என்று கூப்பிடுவதால் நானும் அப்படித்தான். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், "அடுத்த வருசம் வந்துருவேன்" என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டு. ஒரு நாள் செங்கல் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "இந்த மேடு நேரா ஒங்க அக்கா ஊருக்குத்தானே போகுது? நடந்தா மூட்டு போயிரும். சைக்கிள்ல போயேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாதே லாத்தா."

"எனக்குத் தெரியும்லா."

அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெண்ணாக இருந்தபோது தறிக்கு நூல் கொண்டுபோய்க் கொடுப்பாளாம் சைக்கிளில். பேத்தியின் சைக்கிள், முன்னால் கூடை வைத்தது, அவள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சும்மா கிடந்தது. பேத்தி படிக்கச் சென்னைக்குப் போய்விட்டாள். மறுநாளே லாத்தா அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

சைக்கிள் பழகுவது எப்படி என்று நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். எதன் மேல் மோதக் கூடாது என்று பார்க்கிறோமோ, அதன் மேல்தான் போய் மோதும். எனக்கு வேப்பங்கன்று. அத்தனை அகலமான பாதையில் அந்தக் கன்றைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பிவலையில் போய்ப் போய் விழுந்தேன். லாத்தா புர்காவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேரியரைப் பிடித்துக்கொண்டு, "முன்னால பாரு, முன்னால பாரு, ஏ மூதி, கீழ பாக்காத!" என்று கத்திக்கொண்டே ஓடிவருவாள். காலையில் நடக்க வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்க்கவே நின்றார்கள். நிற்கட்டுமே. எனக்கு வெட்கம் எல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது. ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் லாத்தா எங்கேயோ தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நான் தனியாகத்தான் வந்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தில் மறுபடியும் கம்பிவலையில் விழுந்தேன்.

வீட்டில் செய்தி போனது. "கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அவர் தோசையைக் கொஞ்சம் கருகவிட்டேன்.

அக்கா ஊர் வரைக்கும் போக இன்னும் தைரியம் வரவில்லை, பாலம் வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. இதை எங்கள் ஊர்க்காரி தவிர வேறு எவளும் செய்திருக்க மாட்டாள்.

சீசன் உச்சத்தில் இருந்தது. அருவியில் வெள்ளம் என்று குளிக்கவிடாமல் நிறுத்தி வைத்திருந்து, அன்றைக்குத்தான் விட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் ஐந்தருவிக்குப் போவது என்று ஏற்பாடு. அருவிப் பக்கத்தில் எண்ணெய் தேய்க்க இப்போது விடுவதில்லை. அதனால் உள்ளூர்க்காரர்கள் வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வண்டியேறுவோம். அருவியில் நிற்கும்போது எண்ணெய் இறங்கி ஓடுகிற சுகம் இருக்கிறதே, அதற்காகத்தான் சீசனையே நாங்கள் காத்திருப்பது. நானும் உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு தயாராக இருந்தேன். வேன் வரவில்லை. போன் போட்டால், "இன்னா கிளம்பிட்டோம்" என்றார்கள். எங்கள் சொந்தத்தில் இன்னா கிளம்பிட்டோம் என்றால் இன்னும் பல் தேய்க்கவில்லை என்று அர்த்தம். சும்மா இருப்பானேன், ஒரு ரவுண்டு போய்விட்டு வரலாம் என்று சைக்கிளை எடுத்தேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மேட்டில் போய் நாலு மிதி மிதித்ததும் செருப்பு கழன்று போனது. வெறுங்காலால் மிதித்தேன், கால் வழுக்கியது. சாரல் வேறு. ஹேண்டில் பாரைப் பிடிக்கிறேன், அது என் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. எதிரே ஒரு ஆடு. பிரேக்கைப் பிடித்தால் விரல் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. "ஏ யம்மா!" என்று ஒரு சத்தம் போட்டது நினைவிருக்கிறது. மேட்டில் இருந்து சரிந்து, முந்தின நாள் நாற்று நட்ட வயலில், சைக்கிளோடு போய் உட்கார்ந்தேன்.

"ஏத்தா! நட்ட வயலுத்தா!" என்று வரப்பில் இருந்து ஒருத்தர் கத்தினார். நான் பிழைத்தேனா என்று கேட்க வரவில்லை அவர். நான் எழுந்திருக்கப் பார்த்தால் சேறும் எண்ணெயும் சேர்ந்து யார் பிடித்தாலும் நழுவுகிறேன். கடைசியில் அவர் தலைத்துண்டை என் மணிக்கட்டில் சுற்றி, வழுக்கும் கன்றுக்குட்டியை இழுப்பது போல இழுத்துப் போட்டார்.

சேறு சொட்ட வீட்டு வாசலுக்குப் போனால், வேன் அப்போதுதான் வந்து நின்றது. அத்தனை சொந்தமும் இறங்கி நின்று சிரித்தது. சிரித்தால் பரவாயில்லை. முழங்காலில் நல்ல அடி. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் சைக்கிளைக் கழுவி, லாத்தா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

"நீயும் காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்தா, யாரு பாக்குதது? இதோட விட்டுரு" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. சாப்பாடு போட்டேன், பேச்சு இல்லை. காப்பி கொடுத்தேன், பேச்சு இல்லை. "அக்காவப் பாக்கப் போவமா?" என்று அவராகக் கேட்டபோதும், "அந்தப் பேச்ச விடுங்க, போய் என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அடுக்களையில் நின்று அழுதேன். ஆவணி பிறந்துவிட்டது, ஐப்பசி மழைக்கு அதிக நாள் இல்லை. வாக்கரில் இன்னும் துண்டுதான் காய்கிறது என்று அக்கா மருமகள் போனில் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் மதியம் மனது பொறுக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நடந்தே போய்விடுவோம், என்ன ஆகிவிடும் என்று மேட்டில் ஏறி மேற்கே நடந்தேன். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் வரைக்கும் கோபம் நடத்தியது. அப்புறம் முழங்கால் வீங்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. பழைய மைல்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எதிர்க்காற்று தலைமுடியை எல்லாம் பிய்த்துக்கொண்டிருந்தது. அக்கா ஊர்க் கோயில் கோபுரம் தென்னைகளுக்கு நடுவே தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தேடிக்கொண்டு வந்தார். பைக்கைக் கல்லுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். பால் வாங்கக்கூட பைக்கில் போகிற மனுஷன். வேர்த்து விறுவிறுத்து வந்து என் பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார். டிரைவர் ரோட்டைப் பார்க்கிற பார்வை.

"ஒரு பள்ளம் இல்ல, ஒரு வளைவு தெரியல, எதிர வண்டி இல்ல" என்றார். "இதுல கண்ணை மூடிக்கிட்டு பஸ்ஸே ஓட்டலாம் போலயே."

"அதத்தானே நானும் சொன்னேன்."

"எங்க சொன்னே? நீதான் பேசவே இல்லையே."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து திரும்பினேன். பாலத்தில் உட்கார்ந்தோம், நாவல் மரத்தடியில் உட்கார்ந்தோம். இருட்டுகிற வரைக்கும் ஆனது. அவர் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. கல்யாணம் ஆனதில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவ்வளவு தூரம் நடந்தது அன்றைக்குத்தான். மூட்டு வலித்தது, ஆனால் மனசு நிறைந்து கிடந்தது.

கால் வீக்கம் வடிந்த பிறகு ஒரு காலையில் வாசல் தெளிக்கப் போனால் சைக்கிள் நிற்கிறது. சீட்டை இறக்கி வைத்து, பிரேக் கட்டை மாற்றி, ஹேண்டில் பாருக்குச் சொரசொரப்பான புது உறை போட்டு. அவர் குத்தவைத்து உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் இதுக்குப் போடணும். ஒனக்கு இல்ல" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர்தான் பாலம் வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்தார். லாத்தாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், தன் வேலையைப் பறித்துக்கொண்டார் என்று. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கூடையில் கொஞ்சம் முறுக்கும், அக்காவுக்குப் பிடித்த பூவரசு இலைக் கொழுக்கட்டையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கல்லுக்கு இந்தப் பக்கம் அவரும் லாத்தாவும் நின்றார்கள். "மெல்லப் போ" என்றார் அவர். "ஸ்டாப் ஸ்டாப்பா நின்னு போ."

எதிர்க்காற்று பலமாகத்தான் இருந்தது. கணவாய் வழியாக வருகிற காற்று, மிதிக்க மிதிக்கப் பின்னால் தள்ளும். மலை மேலே மேகம் இறங்கி நின்றது. வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "பாத்துப் போங்க மதினி!" என்று குரல் கொடுத்தார்கள். நான் கையை எடுத்து ஆட்டவில்லை. அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வயதில், அந்தக் காற்றில், என் காலை நம்பி நானே போகிறேன் என்பது எனக்கு அவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்தது.

அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "யாரு கூட வந்தே?" என்று கேட்டாள்.

"நானேதான். சைக்கிள்ல."

"ஏட்டி, பொய்க்காரி, போ."

மருமகள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நெசந்தான் அத்தே, செவத்துல சாத்தி வச்சிருக்காவ" என்றாள். அக்கா சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கொழுக்கட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் பேச்சு தீர்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை. மருமகள் அடுக்களையில் உலை வைத்தாள்.

"எப்பப் போவே?" என்றாள் அக்கா.

"வெயில் தாழப் போவேன். எனக்கு என்ன அவசரம்?"

அவள் வாக்கர் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு, "அந்தத் துண்டை எடுத்துப் போட்டுட்டு, அதை இங்கன கொண்டா" என்றாள்.

நான் எதை என்று கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுவாளோ என்று பயம். வாக்கரைக் கொண்டுவந்து கட்டிலுக்கு முன்னால் வைத்தேன். அவள் ஒருக்களித்தாள். அப்படியே இளைப்பாறினாள். முழங்கையை ஊன்றினாள். மூச்சு வாங்கினாள். ஒரு காலைக் கீழே இறக்குவதற்குள் அவள் நெற்றி நனைந்துவிட்டது. மறுகாலுக்கு அதைவிட நேரம் ஆனது. அடுக்களையில் உலை கொதித்து, அரிசி போட்டு, அதுவும் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அவள் இன்னும் கட்டில் விளிம்பில்தான் இருந்தாள்.

"ஏன்க்கா இத்தனை நாளு மாட்டேன்னே? எத்தனை தடவ கெஞ்சியிருப்பேன்?"

"மாட்டேன்னு எங்கட்டி சொன்னேன்? நாளைக்குன்னுதான் சொன்னேன்" என்றாள். "காலைக் கீழ வைக்கவே எனக்கு இம்புட்டு நேரம் ஆகுது பாத்தியா? மருமக பிடிச்சா ரெண்டு பேருமா விழுவோம். நீ பிடிச்சா எந்திரிச்சிருப்பேன். ஆனா நீ போற அவசரத்துலயே வருவே. பாதியில என்னை நிக்க வச்சுட்டுப் போயிருவியோன்னு இருக்கும்."

அந்த மூன்று ஆரனும் என் காதில் அடித்தது. அவள் எழுந்தாள். வாக்கரைப் பிடித்தாள், நான் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். ஒரு எட்டு. நின்றோம். இன்னொரு எட்டு. நின்றோம். வாசல் நிலை வரைக்கும் வந்துவிட்டாள். அடுக்களையில் இருந்து அகப்பையும் கையுமாக வந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன பராக்குப் பாக்கே? அங்கன சோறு குழையுது, போ" என்று அவளை விரட்டினாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ மூஞ்சியை அந்தாக்குல திருப்பிக்கோட்டி. நீ அழுதா எனக்குச் சிரிப்பு வரும். சிரிச்சா விழுந்துருவேன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அவளை விடாமல் பிடித்தபடியே அழுதேன்.